சித்திரம் கற்பிக்கும் கூத்து

பாலித் தீவின் நாட்டிய நாடகங்களில் அரசர்களும் வீரர்களும் பேசுவது ‘கவி’ என்னும் பழைய இலக்கிய பாஷை. அத்தீவினரிலேயே பலருக்கு அது விளங்காது. அப்படியிருக்க, வெளி தேசத்தார் அந்நாடகத்தை எவ்விதம் ரஸிப்பது? அதற்கு ஓர் ஊமை ஆசான் உண்டு. க்ளுங்குங் நகரில், கெர்த்த கோஸா என்ற பழைய நியாய மண்டபத்தின் விதானத்தை அலங்கரிக்கும் சித்திரங்களே அந்த ஆசான்.

நரகத்தில் வாடும் பாண்டுவையும் மாத்ரியையும் மீட்க வீமன் யமலோகம் செல்லும் கதை அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. வியாச பாரதத்தில் இல்லாத இக்கதை பாலியில் வெகு பிரசித்தம்.

முதலில் விழிகளைக் கவனியுங்கள். சாந்த குணமுள்ளவனுக்குக் கண்கள் ஒடுங்கி நீண்டிருக்கும். உக்கிரமானவனுக்கு உருண்டு பிதுங்கியிருக்கும். மேடையிலும் இதே பாகுபாடுதான். முன்னவன் அடக்கமாகவும் மென்மையாகவும் அசைவான். பின்னவன் கால்களை அகட்டித் தோள்களை உயர்த்தி நிற்பான். ஆனால் உருண்டை விழி கொண்டோரெல்லாம் தீயோர் என்று எண்ணிவிடலாகாது. தாய் தந்தையரை மீட்கப் புறப்பட்ட வீமனுக்கும் உருண்டை விழியே! அது ஆவேசத்தின் அறிகுறி, அதர்மத்தின் அறிகுறியன்று. கறுப்பும் வெளுப்புமாகக் கட்டமிட்ட ஆடையும், நீண்ட கட்டைவிரல் நகமும் அவனை நமக்கு அடையாளங் காட்டும்.

அவனைத் தொடர்ந்து செல்வோர் துவாலென், மெர்தா என்னும் பணியாட்கள். கூத்தில் இத்தகைய பணியாட்களே எஜமானரின் பேச்சை ஊர்ப் பேச்சில் விளக்கி, இடையிடையே சிரிப்பும் மூட்டுவார்கள்.

சித்திரமும் கூத்தும் இவ்வாறு ஒத்திருப்பதற்குக் காரணம், தோற்பாவை நிழலாட்டத்தின் இலக்கணம் இரண்டிலும் ஊறியிருப்பதே. பாவை ஒரு பக்க முகத்தையே காட்டும். ஓவியனோ முகத்தைச் சற்றே திருப்பி இரு விழிகளையும் தீட்டுகிறான்.

1908 ஏப்ரல் 28-ந் தேதி டச்சுப் படை க்ளுங்குங்கைத் தாக்கிற்று. பணிய மறுத்த அரசரும் சுற்றத்தாரும் துப்பாக்கிகளுக்கு எதிரே சென்று மடிந்தனர். அரண்மனையின் பெரும் பகுதி அழிந்தது. நியாய மண்டபம் எஞ்சிற்று. கலையை வளர்த்த அரசு வீழ்ந்தபின் அதன் சித்திரங்கள் என்னவாயின? அருகிலுள்ள கமசான் கிராமத்து ஓவியர்கள் 1930-லும், மீண்டும் 1960-லும் அந்த விதானத்தைப் புதுப்பித்தார்கள். மரபின் விதிகள் அரண்மனைப் பெட்டகத்தில் இருக்கவில்லை; கிராமத்தாரின் கைகளில் இருந்தன. பீரங்கி அவற்றைத் தீண்ட முடியவில்லை.

பாலியின் கூத்தைக் காணும் பாக்கியம் வாய்ப்போர், முந்திய நாளே இம்மண்டபத்தில் சற்று அண்ணாந்து நிற்பார்களாக. மறுநாள் மேடையில் வருவோர் அனைவரும் அறிமுகமானவர்களாகவே தோன்றுவார்கள்.