புரதம் எழுப்பும் சத்தம்

செறிந்த உப்புநீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் சலினாரம் என்ற நுண்ணுயிரின் சவ்வில் ஊதாத் திட்டுகள் உண்டு. (பெயரில் பாக்டீரியம் இருந்தாலும் இது ஆர்க்கியா இனம்.) அந்த நிறத்துக்குக் காரணம் பாக்டீரியோரொடாப்சின் என்ற புரதம் என்று 1971-இல் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட்டும் வால்த்தர் ஸ்டோக்கனியஸும் அறிவித்தார்கள். சவ்வின் குறுக்கே ஏழு சுருள்கள், நடுவில் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினால். நம் விழித்திரையிலும் ரெட்டினால்தான் வெளிச்சத்தைப் பிடிக்கிறது.

ஒளி பட்டதும் ரெட்டினால் அரை பிக்கோ வினாடியில், அதாவது ஒரு வினாடியை இரண்டு லட்சம் கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறில், மடங்கிக்கொள்கிறது. அது மறுபடி நிமிர்ந்து பழைய நிலைக்கு வரச் சுமார் பத்து மில்லி வினாடி. இதற்குள் ஒரு புரோட்டான் செல்லுக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கும். வெளியே சேர்ந்த புரோட்டான்கள் உள்ளே திரும்பிப் பாயும்போது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தயாராகிறது.

கணக்குப் பார்ப்போம். 570 நானோமீட்டர் ஒளியில் ஒரு மோல் ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 210 கிலோஜூல். அதில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் மடங்கிய நிலையில் சேமிப்பாகிறது. மீதி அப்போதே வெப்பமாகிவிடுகிறது. இவ்வளவு சின்ன வெப்பத்தை எந்தத் தெர்மாமீட்டரும் காட்டாது. எனவே காதால் அளக்கிறார்கள். லேசர் துடிப்பு ஒன்றைக் கரைசலில் பாய்ச்சினால், வெளிவரும் வெப்பத்தில் நீர் சட்டென விரிந்து அழுத்த அலை கிளம்பும். அழுத்தத்தை மின்சைகையாக்கும் பீசோ உணரி அதைப் பிடிக்கும். ஒளியிலிருந்து ஒலி பிறப்பதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880-லேயே கண்டிருந்தார்.

சிக்கல் ஒன்று உண்டு. புரதமே கொஞ்சம் புடைத்தாலும் சுருங்கினாலும் அதுவும் அலை எழுப்பும். எது வெப்பம், எது கனஅளவு மாற்றம்? இங்கே கைகொடுப்பது நீரின் விசித்திர குணம். ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் நீர் வெப்பத்துக்கு விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. அந்தக் குளிரில் கேட்கும் சத்தம் முழுக்கப் புரதத்துடையது. இதைவிட மலிவான, இதைவிடச் சாமர்த்தியமான உத்தியை நான் அறிவியலில் அதிகம் பார்த்ததில்லை. வெப்பநிலையை ஏற்றி அளந்தால், கூடுதலாக வருவது வெப்பத்தின் பங்கு. வாங்கிய ஒளி முழுவதையும் வெப்பமாக்கிவிடும் ஒரு சாயத்தை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வார்கள்.

ஒரு நீர் மூலக்கூறு பிடிக்கும் இடத்தைவிடச் சிறிய மாற்றத்தைக்கூட இம்முறை காட்டிவிடும். புடைப்புக்கும் சுருக்கத்துக்கும் சுருள்களின் அசைவு மட்டும் காரணமல்ல. மின்னூட்டம் உள்ள இடத்தைச் சுற்றி நீர் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். புரோட்டான் வந்து மின்னூட்டம் தணிந்தால் அந்த நீர் தளரும். ஆக, கனஅளவு மாற்றம் என்பது மின்னூட்டம் இடம்பெயர்ந்ததற்கான தடயமும்கூட.

ஒளியால் இயங்கும் இத்தகைய புரதங்களில் புரோட்டான் பம்ப் மட்டும்தான் என்றில்லை. ஹாலோரொடாப்சின் குளோரைடை உள்ளே இழுக்கிறது. 2013-இல் அறிவிக்கப்பட்ட கேஆர்2 என்ற புரதம் சோடியத்தை வெளியேற்றுகிறது; சோடியம் இல்லாமல் பொட்டாசியம் மட்டும் இருந்தால் புரோட்டானைத் தள்ளுகிறது. இத்தகைய பம்புகளுக்கு உப்பு வேண்டும், ஆனால் உப்பு கூடக்கூட அந்த 4 டிகிரி கீழே நகர்ந்துவிடும். ஒவ்வொரு கரைசலுக்கும் விரிவற்ற புள்ளியைப் புதிதாகத் தேடிப் பிடித்த பிறகுதான் லேசரை இயக்க முடியும்.