ஒரே இழப்பு, வெவ்வேறு துயரம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பங்களை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். ஒருவர் அழுதுகொண்டே இருப்பார். இன்னொருவர் மருந்துச் சீட்டுகளையும் ரசீதுகளையும் அடுக்கிக்கொண்டிருப்பார். “அவருக்குக் கல்மனம்” என்று உறவினர் முணுமுணுப்பதும் எங்கள் காதில் விழுவதுண்டு. அவ்வேளைகளில் நாங்கள் படித்த நாவல் ஒன்று நினைவுக்கு வரும்.

மேகி ஓ'ஃபாரெல் எழுதி 2020இல் வெளிவந்த ‘ஹேம்னெட்’ என்பதே அந்நாவல். ஷேக்ஸ்பியரின் ஒரே மகனான ஹேம்னெட் 1596இல், தனது 11ஆம் வயதில் இறந்தான். அவன் எதனால் இறந்தான் என்பதற்கு ஆவணம் இல்லை. கொள்ளை நோயான பிளேக்கினால் என்று நாவலாசிரியர் கற்பனை செய்கிறார்.

தாய் ஆக்னஸ் மூலிகை அறிந்தவர். ஊராரின் நோய்களைத் தீர்த்தவர். தம் மகனைக் காக்க இயலவில்லையே என்ற குற்றவுணர்வு அவரை வாட்டுகிறது. நோயாளியை அருகிருந்து கவனித்த பலரும் இதே வேதனையை எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தந்தையோ விரைவிலேயே லண்டனுக்கு, தம் நாடகப் பணிக்குத் திரும்பிவிடுகிறார். அவர் மகனை மறந்துவிட்டார் என்றே தாய் எண்ணுகிறார்.

சில ஆண்டுகளுக்குப் பின், மகனின் பெயரையே தாங்கிய நாடகம் அரங்கேறுவதை அறிந்து, சினத்துடன் அதைக் காணச் செல்கிறார். மேடையில் இறந்துபோன தந்தையின் ஆவியாகக் கணவர் நிற்கிறார். மகன் உயிரோடு நிற்கிறான். மகனுக்குப் பதிலாகத் தாமே சாவை ஏற்க விழைந்த நெஞ்சம் அப்போதுதான் அவருக்குப் புலப்படுகிறது.

இதை மருத்துவமும் வேறு சொற்களில் சொல்கிறது. துயருற்ற மனம் இழப்பை எண்ணி வருந்துவதற்கும் அன்றாடக் கடமைகளுக்குத் திரும்புவதற்கும் இடையே மாறி மாறி ஊசலாடுகிறது என்று மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் ஆகிய உளவியலாளர்கள் 1999இல் விளக்கினர். இவ்வூசலாட்டம் இயல்பானதே. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நிற்பதில்லை, அவ்வளவே.

ஆகவே, உங்கள் வீட்டில் ஒருவர் அழவில்லையெனில் குறைகூறாதீர்கள். அருகில் அமர்ந்து, மறைந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஆறு மாதங்களைக் கடந்தும் கடுமை குறையாமல், அன்றாட வாழ்வையே துயரம் முடக்கினால் மனநல மருத்துவரை அணுகுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416, இரவும் பகலும் செயல்படுகிறது.