விற்பனை மடல்

வாணிகத்திற்குப் பொன்னும் பொருளும் மட்டும் முதல் அல்ல. கொள்வோர் வைக்கும் நம்பிக்கையும் முதலேயாம். பொருளை நேரிற் காட்டி விற்பார்க்கு முகமும் குரலும் துணை நிற்கும். மின்னஞ்சல் வாயிலாக விற்பார்க்கோ எழுத்து ஒன்றே துணை. ஆதலின் அவ்வெழுத்துச் செம்மையுடையதாதல் வேண்டும்.

அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணிப்பொறியினின்று மற்றொன்றிற்கு வலையமைப்பின் வழியே மடல் விடுக்கும் முறையை 1971-ஆம் ஆண்டில் நிகழ்த்திக் காட்டினார். ஏழாண்டுகளுக்குப் பின் வணிகரும் அவ்வழியை நாடினர். 1978 மே திங்களில், டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்னும் கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துர்க் என்பார், ஏறத்தாழ 400 பேர்க்கு ஒரே மடலை விடுத்தார். லாஸ் ஏஞ்சலஸ், சான் மேட்டியோ என்னும் ஊர்களில் நிகழவிருந்த புதுக் கணிப்பொறிக் காட்சிக்கு அழைப்பதே அதன் நோக்கம். ஆயின், முகவரிகள் அளவு மிக்கு மடலின் உள்ளேயும் புகுந்தன. செய்தி முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே இருந்தது. காட்சியின் நாளும் இடமும் பொறியின் நுட்பங்களுக்குப் பின்னரே கூறப்பட்டன.

அம்மடலால் விற்பனை பெருகிற்று என்று துர்க் பிற்காலத்திற் கூறினார். எனினும், வேண்டாமலே வந்த அதனைக் கண்டு பலர் வெகுண்டனர். அவ்வலையமைப்பு அரசுப் பணிக்கே உரியது என்று அதிகாரிகளும் கண்டித்தனர்.

அவ்வழைப்பை எங்ஙனம் எழுதியிருத்தல் கூடும்? முதற்கண், தலைப்பு வரி உண்மையை உரைத்தல் வேண்டும். 'மே 11: சான் மேட்டியோவில் புதிய கணிப்பொறிக் காட்சி' என்று எழுதினால், விருப்பமுடையோர் திறந்து படிப்பர். 'அரிய வாய்ப்பு! உடனே காண்க!' என்று எழுதினால், ஒருமுறை திறந்து ஏமாந்தவர் மறுமுறை திறவார். இரண்டாவது, பெறுவார் இன்னார் என்பதறிந்து எழுதுதல் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் வாழ்வார்க்கு அவ்வூர்க் காட்சியைக் கூறினாற் போதும். மூன்றாவது, படிப்பார்க்கு விளையும் பயனை முன்னும், பொருளின் நுட்பத்தைப் பின்னும் வைத்தல் வேண்டும். நான்காவது, ஒரு மடலில் ஒரு வேண்டுகோளே அமைதல் வேண்டும். காட்சிக்கு அழைக்கும் மடலிலேயே விலைப்பட்டியலையும் வேறு பொருள்களையும் அடுக்கினால், படிப்பவர் யாது செய்வது என்று மயங்குவர்.

இனி மடல் வேண்டா என்பார்க்கு அதனை அறிவிக்கும் வழியையும் தெளிவாகக் காட்டுதல் கடமையாம். 2003-ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய 'கேன்-ஸ்பாம்' சட்டம், விற்பனை மடலின் தலைப்பு வரி ஏமாற்றுவதாக இருத்தலாகாது என விதிக்கின்றது. மடல் வேண்டா என்றவர்க்கு 10 வேலைநாட்களுக்குள் அதனை நிறுத்தவும் பணிக்கின்றது.

சட்டம் தடுப்பது வஞ்சனையை. நம்பிக்கையை ஈட்டித் தருவதோ நல்லெழுத்தே. படிப்பவருடைய பொழுதைத் தம் பொருளினும் அரிதென மதித்து எழுதுவார்க்கே அடுத்த மடலும் திறக்கப்படும்.