எச்-4 விசாவில் வாழும் பெண்களின் மனநலமும் இணையவழிச் சமூக ஆதரவும்

ஆய்வுச் சுருக்கம்
அமெரிக்காவில் கணவரின் எச்-1பி விசாவைச் சார்ந்து, எச்-4 விசாவில் வாழும் இந்தியப் பெண்களுக்கு இணையவழிச் சமூக ஆதரவு எவ்வகையில் துணைபுரிகிறது, எவ்விடத்தில் போதாமற்போகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புலம்பெயர்வு, எச்-4 விசா, சமூக ஆதரவு, மனநலம், அறத்தொடு நிற்றல்

முன்னுரை
அக இலக்கிய மரபில் தலைவியின் ஆற்றாமையை முதலில் அறிபவள் தோழி. அவள் கேட்பதோடு அமைவதில்லை. அறத்தொடு நிற்கும்போது செவிலிக்கு உணர்த்துகிறாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும் உணர்த்துவர். கேட்டலும், செயலுக்குரியவரிடம் கொண்டுசேர்த்தலும் இணைந்ததே இங்கு ஆதரவாகிறது. புலம்பெயர்ந்த பெண்கள் பலருக்கு இன்று இணையம் தோழியின் இடத்தில் உள்ளது. அது இவ்விரண்டையும் செய்கிறதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

எச்-4 விசாவும் தனிமையும்
எச்-4 விசாவில் இருப்போர் கல்வி கற்கலாம். ஆனால், நெடுங்காலம் ஊதியப் பணி செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. 2015 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த விதி, நிரந்தரக் குடியிருப்பை நோக்கிக் குறிப்பிட்ட கட்டத்தைக் கடந்த எச்-1பி பணியாளர்களின் துணைவர்க்கு மட்டும் பணி அனுமதி கோரும் வாய்ப்பை அளித்தது. ஏனையோர் பொறியியலோ மருத்துவமோ பயின்றிருப்பினும் வீட்டிலேயே இருக்க நேர்கிறது. வருவாய் இழப்புடன் தொழில்சார் அடையாளமும் மறைகிறது. தங்கும் உரிமையும் கணவரின் பணியைச் சார்ந்தே அமைகிறது. இவ்வகைச் சார்புநிலை மனச்சோர்வுக்கு இடமளிக்கக்கூடியது.

ஆதரவின் வகைகள்
ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் சமூக ஆதரவை உணர்வு, செயல், தகவல், மதிப்பீடு என நான்காகப் பகுத்தார். நெருக்கடியின் தன்மைக்குப் பொருந்திய ஆதரவு கிடைக்கும்போது அதன் தாக்கம் தணிகிறது என்பது கோஹன், வில்ஸ் ஆகியோர் 1985இல் முன்வைத்த கருத்தின் சாரமாகும்.

இணையம் தருவன
பணி அனுமதியைப் புதுப்பித்தல், ஓட்டுநர் உரிமம் பெறுதல், மகப்பேற்றுக் காப்பீடு முதலியவற்றில் முன்னரே பட்டறிந்தோரின் தகவல் விரைந்து கிடைக்கிறது. நெருங்காத உறவுகளே புதிய செய்திகளைக் கொணர்கின்றன என்று கிரானோவெட்டர் 1973இல் விளக்கியது இங்குப் பொருந்தும்.

உணர்வு ஆதரவிலும் இணையத்திற்கு இடமுண்டு. கலிபோர்னியாவில் கோடைக்காலத்துக் காலை 10 மணி, தமிழ்நாட்டில் இரவு 10.30 மணி. கணவர் பணிக்குச் சென்று பெண் தனித்திருக்கும் பொழுதில் தாய் உறங்கச் சென்றிருப்பார். விழித்திருப்பினும், அவர் வருந்துவாரே என்றெண்ணி மகள் 'நன்றாக இருக்கிறேன்' என்றே கூறுவதுண்டு. இந்நிலையில், தன்னைப் போன்றே வாழும் பெண்ணிடம் மனந்திறத்தல் எளிதாகிறது.

இணையத்தின் எல்லைகள்
முதலாவது, செயல் ஆதரவு. குழந்தை பிறந்தபின் இரவில் அதனை ஏந்திக்கொள்ள ஒரு கை வேண்டும். சுற்றுலா விசாவில் வரும் தாய் பொதுவாக ஆறு மாதத்திற்குள் திரும்ப வேண்டியவர்.

இரண்டாவது, மறைகாப்பு. ஒரே நகரின் தமிழர் குழுவில் பெயரின்றி எழுதினாலும் ஆளை அறிந்துகொள்ள இயலும். கணவரால் துன்புறும் பெண்ணுக்கு அக்குழு பாதுகாப்பான இடமாகாது.

மூன்றாவது, இயல்பாக்கல். மகப்பேற்றுக்குப் பின் தோன்றும் மனத்தளர்வு இரு வாரங்களைக் கடந்தும் நீடிப்பின் மருத்துவ ஆலோசனை தேவை. 'எல்லாருக்கும் இப்படித்தான்' என்னும் ஆறுதல்மொழி சிகிச்சையைத் தாமதப்படுத்தக்கூடும்.

நான்காவது, சட்டம். தாயகத்து உளவியலாளரைக் காணொலியில் அணுகலாம் எனினும், சிகிச்சை பெறுபவர் வாழும் மாநிலத்தின் உரிமம் பெறுவதைப் பொதுவாக அமெரிக்க மாநிலங்கள் கட்டாயமாக்குகின்றன.

கொண்டுசேர்க்கும் வழிகள்
இவ்வெல்லைகளுக்கு அப்பால் உதவும் அமைப்புகள் உள்ளன. 1987இல் உருவான எடின்பரோ அளவுகோலின் பத்து வினாக்கள் மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வைக் கண்டறியத் துணைபுரிகின்றன. 2022 ஜூலை முதல் 988 என்னும் எண்ணில் மனநல நெருக்கடிக்கு உதவி கிடைக்கிறது. நியூ ஜெர்சியில் 1985இல் தொடங்கப்பட்ட மானவி அமைப்பு, வன்முறைக்கு உள்ளாகும் தெற்காசியப் பெண்களுக்காக இயங்குகிறது. துன்புறுத்தலுக்கு ஆளான எச்-4 துணைவர் தனித்துப் பணி அனுமதி கோரவும் சட்டத்தில் வழியுண்டு.

முடிவுரை
தகவலையும் ஆறுதலையும் இணையம் தருகிறது. செயலையும் சிகிச்சையையும் அது தனித்துத் தர இயலாது. எனவே, எத்தனை பேர் மறுமொழி கூறினர் என்பதைவிட, துன்புற்றவர் உரிய உதவியைச் சென்றடைந்தாரா என்பதையே இணையவழி ஆதரவின் அளவுகோலாகக் கொள்ளுதல் தகும். தோழி கேட்டதுடன் நின்றிருந்தால் அறத்தொடு நிற்றல் என்னும் மரபு தோன்றியிராது என்பது இங்கு எண்ணத்தக்கது.