டான்யூப் கரையில் ஒரு பந்தல்

புடாபெஸ்ட்டுக்குப் படிக்க வர்றவங்க முதல்ல தெரிஞ்சுக்கிற விஷயம் இதுதாங்க. டான்யூப் ஆற்றுக்கு மேற்கே மலையும் கோட்டையுமா இருப்பது புடா. கிழக்கே சமதரையா இருப்பது பெஸ்ட். 1873ல் ஓபுடாவையும் சேர்த்து மூணும் ஒரே ஊராச்சு. இந்த ஊர் உலக வீரர்களுக்கு விருந்து வெச்ச கதைதான் இன்னிக்கு மேட்டர்.

2023 ஆகஸ்ட் 19 முதல் 27 வரை உலகத் தடகளப் போட்டி இங்கே நடந்தது. வந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகமான வீரர்கள். அவங்களுக்காக பெஸ்ட்டின் தெற்கே, ஆற்றங்கரையிலேயே புது ஸ்டேடியம் கட்டினாங்க. நடைப்போட்டியும் மாரத்தானும் மட்டும் ஊருக்குள்ளே, மாவீரர் சதுக்கத்தில். முறுக்குக் கொம்பு வெச்ச ஹங்கேரி ஆடுதான் செல்லச் சின்னம்!

நம்மாளுங்களுக்கும் ராசியான ஊர்தான். நீரஜ் சோப்ரா 88.17 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். 4x400 தொடர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் நம்ம நாலு பேரும் அமெரிக்காவைத் துரத்திக்கிட்டே ஓடி, 2 நிமிடம் 59.05 விநாடியில் இரண்டாவதா வந்தாங்க. அது புது ஆசிய சாதனை. கடைசிச் சுற்று ஓடிய ராஜேஷ் ரமேஷ் நம்ம தமிழ்நாட்டுக்காரர். இறுதிப் போட்டியில் ஐந்தாம் இடம்.

இவ்வளவு நல்லா விருந்து வெச்ச ஊர், 2024 ஒலிம்பிக்ஸ் வேண்டாம்னு சொன்ன ஊருங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்? 2017ல் மக்கள் கருத்தைக் கேட்டு வாக்கெடுப்பு நடத்தணும்னு இளைஞர்கள் சிலர் தெருவில் நின்று கையெழுத்து வாங்கினாங்க. தேவைப்பட்டது 1,38,000. ஒரே மாசத்தில் சேர்ந்தது 2,66,000க்கும் மேல். வாக்கெடுப்பு வரைக்கும்கூட போகவில்லை. ஊரே போட்டியிலிருந்து விலகியது. ஒலிம்பிக்ஸ் பாரிசுக்குப் போனது.

என்னோட படிக்கிற உள்ளூர்ப் பெண்ணின் அப்பாவும் அன்னிக்குக் கையெழுத்து போட்டவராம். அவரே 2023ல் டிக்கெட் வாங்கி மகளை ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். "இது முரண்பாடா இல்லையா?"ன்னு கேட்டேன். "விருந்தாளி வேண்டாம்னு அப்பா சொல்லலை. கடன் வாங்கி விருந்து வேண்டாம்னுதான் சொன்னார். இந்த ஸ்டேடியத்துச் செலவையும் இன்னும் திட்டிக்கிட்டுதான் இருக்கார்" என்றாள்.

அவர் கோபம் நியாயம்தான். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய காசு எது, விளையாட்டுக்குப் போகலாம்கிற காசு எதுன்னு வரி கட்டுறவன் கேட்கத்தானே செய்வான்? ஆனாலும் ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு. போட்டிக்குன்னு சுமார் 35,000 பேர் உட்காரும்படி கட்டினாலும், மேல் அடுக்கைக் கழற்றி 15,000 இருக்கையாக்கி, அந்த இடத்தை ஊர்க்காரங்க ஓடியாட விடலாம்னுதான் ஸ்டேடியத்தை வடிவமைச்சாங்க. கல்யாணம் முடிஞ்சா பந்தலைப் பிரிக்கிறோமில்லையா, அதே கணக்கு.

விரலுக்குத் தகுந்த வீக்கம்னு நம்ம பாட்டிகள் சொன்னதுதான். எவ்வளவு பெரிய பந்தல் போடலாம்னு முடிவு பண்ற உரிமை, அதுக்குக் காசு கொடுக்கிறவங்க கையில் இருக்கணுமா வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.