கேட்பதற்கென்று ஓர் ஆணைக்குழு

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 58 கவுண்டிகள் இருக்கின்றன. கவுண்டி என்பதை நமது மாவட்டத்தைப் போன்றதொரு நிருவாகப் பிரிவு எனக் கொள்ளலாம். ஒவ்வொரு கவுண்டியிலும் அரசாங்கம் நடத்தும் உளநலச் சேவையைப் பார்த்து, விசாரித்து, ஆண்டுக்கு ஒரு தடவை எழுத்தில் கருத்துச் சொல்ல ஒரு குழு இருக்க வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். சில இடங்களில் அதைச் சபை என்பார்கள், சில இடங்களில் ஆணைக்குழு என்பார்கள். பேர்க்லி நகரம் தனக்கென ஓர் உளநலப் பிரிவை நடத்துவதால், அதற்கும் அயலிலுள்ள அல்பனி நகரத்துக்கும் சேர்த்துத் தனியாக ஓர் ஆணைக்குழு உண்டு.

இந்த ஆணைக்குழுவின் அதிகாரங்களைத் தேடிப் பார்த்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு தாதியைக்கூட அதனால் நியமிக்க முடியாது. ஒரு டொலரைக்கூட ஒரு திட்டத்திலிருந்து இன்னொரு திட்டத்துக்கு மாற்ற முடியாது. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். அப்படியிருந்தும் அங்குள்ளவர்கள் அதை ஏன் விடாமல் நடத்தி வருகிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் அதன் கதிரைகளில் யார் அமர்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அங்கத்தவர்கள் பொதுவாக 10 முதல் 15 பேர். சிறிய கவுண்டிகளில் 5 பேரும் போதும். ஒருவரின் பதவிக்காலம் 3 ஆண்டுகள். மக்கள் தெரிவுசெய்த ஆளும் சபையிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். மற்றக் கதிரைகளைப் பற்றிய விதிதான் முக்கியமானது. அங்கத்தவர்களில் அரைவாசிப் பேர் உளநலச் சிகிச்சை பெற்றவர்களாகவோ பெறுகின்றவர்களாகவோ, அல்லது அவர்களுடைய தாய், தந்தை, கணவன், மனைவி, உடன்பிறந்தார், வளர்ந்த பிள்ளைகள் ஆகியோராகவோ இருந்தாக வேண்டும். அதிலும் நோயை அனுபவித்தவர்கள் 20 வீதத்துக்குக் குறையக் கூடாது. குடும்பத்தினரும் 20 வீதத்துக்குக் குறையக் கூடாது. அந்தச் சேவையிலேயே சம்பளம் பெறுபவர் பொதுவாக அங்கத்தவராக முடியாது. தான் நடத்தும் வேலைக்குத் தானே புள்ளி போட்டுக்கொள்ளக் கூடாதல்லவா?

இப்படி ஒரு விதி வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் அரச மனநோய் வைத்தியசாலைகளில் 36,000க்கும் மேற்பட்டோர் அடைந்து கிடந்தனர். பலர் ஆண்டுக்கணக்கில் வெளியுலகத்தைக் காணாதவர்கள். 1957இல் வந்த சட்டமொன்று ஊருக்குள்ளேயே சிகிச்சை கொடுக்கப் பணம் ஒதுக்கியது. 1967இல் வந்த இன்னொரு சட்டம் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக நினைத்தபடி அடைத்து வைப்பதற்குக் கடிவாளம் போட்டது. அவசர நிலையில் தடுத்து வைப்பதானாலும் முதலில் 72 மணித்தியாலங்களே அனுமதி. வைத்தியசாலைகள் வெறுமையாகின. ஆனால் வெளியே வந்தவர்களுக்கு வேண்டிய வீடும் மருந்தும் ஆதரவும் அதே வேகத்தில் ஊருக்குள் வந்து சேரவில்லை. பாரம் குடும்பங்களின் தலையில் விழுந்தது. குடும்பம் இல்லாதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1991இல் சேவையின் பொறுப்பையும் அதற்கான வரி வருமானத்தின் ஒரு பகுதியையும் மாநிலம் கவுண்டிகளிடம் கையளித்தது. இன்றைய ஆலோசனைச் சபைகளின் அமைப்பும் கடமைகளும் அந்த ஆண்டுச் சட்டத்திலிருந்து வருபவை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ள ஆளையும் வைத்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இனி அதன் ஓராண்டு வேலை. பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு கூட்டம். வழமையான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணித்தியாலங்களுக்கு முன்பே பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்ட வேண்டும். அதில் இல்லாத விடயத்தைப் பற்றித் தீர்மானம் எடுக்க முடியாது. அங்கத்தவரில் பெரும்பான்மையோர் கூட்டத்துக்கு வெளியே, மின்னஞ்சலில்கூட, கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவதும் கூடாது. 1953ஆம் ஆண்டின் திறந்த கூட்டச் சட்டம் இவற்றை விதிக்கிறது. கூட்டத்துக்கு யாரும் வரலாம். வருபவருக்குப் பேச இரண்டு மூன்று நிமிடங்கள் கிடைக்கும். மகன் மூன்று தடவை அவசரப் பிரிவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டதை ஒரு தாய் அந்த மூன்று நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். மணி அடித்தால் நிறுத்த வேண்டியதுதான். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது கூட்ட அறிக்கையில் பதிவாகிறது, அடுத்த மாதம் அதைப் பற்றி உளநலப் பணிப்பாளரிடம் கேள்வி எழுப்ப இடமிருக்கிறது.

கூட்டங்களுக்கு இடையில் அங்கத்தவர்கள் சிகிச்சை நிலையங்களையும் தங்குமிடங்களையும் போய்ப் பார்க்கிறார்கள். புதிய பணிப்பாளரைத் தெரிவுசெய்யும்போது விண்ணப்பதாரர்களைப் பற்றிக் கருத்துச் சொல்வதும் அவர்கள் கடமை. எத்தனை பேர் சேவை பெற்றார்கள், அவர்களுக்கு என்ன பயன் கிடைத்தது என்ற புள்ளிவிபரங்களைப் பார்த்து, தம் கணிப்பை மாநிலத் திட்டமிடல் சபைக்கு அனுப்ப வேண்டும். பேர்க்லி நகர சபை, நெருக்கடியில் உள்ளவர்களிடம் பொலிசாருக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற உளநலக் குழுவை அனுப்புவதென்று 2020இல் தீர்மானித்தது. அந்தச் சேவை 2023இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் ‘எப்போது, எப்படி’ என்று மாதாமாதம் பொதுவில் கேட்கக்கூடிய இடம் எவ்வளவு தேவை என்பதை இந்த ஒரு உதாரணமே காட்டும்.

ஆண்டின் பாரமான வேலை பணத்தோடு சம்பந்தப்பட்டது. 2004 நவம்பரில் கலிபோர்னிய வாக்காளர்கள் 63ஆம் இலக்கப் பிரேரணையை நிறைவேற்றினார்கள். ஆண்டுக்கு 10 இலட்சம் டொலருக்கு மேல் வருமானம் உள்ளவர், அந்த மேலதிகத்தில் நூற்றுக்கு ஒரு வீதத்தை உளநலச் சேவைக்கென வரியாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை எப்படிச் செலவிடப் போகிறோம் என்று ஒவ்வொரு கவுண்டியும் மூன்றாண்டுத் திட்டம் எழுதி, ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும். வரைபு 30 நாட்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். அது முடிந்ததும் பகிரங்க விசாரணையை நடத்துவது அதிகாரிகள் அல்லர், இந்த ஆலோசனைச் சபையே.

விசாரணையில் சபை சொல்வதை அதிகாரிகள் ஏற்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. ஆனால் சபை எழுத்தில் கொடுத்த முக்கியமான சிபாரிசு ஒன்றை இறுதித் திட்டத்தில் சேர்க்காவிட்டால், ஏன் சேர்க்கவில்லை என்பதை எழுத்திலேயே சொல்லியாக வேண்டும். அந்த விளக்கம் சபைக்கு மேலேயுள்ள ஆளும் சபைக்கும் போகும், மாநிலச் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்துக்கும் போகும். முதலில் நான் ‘அதிகாரம் இல்லாத குழு’ என்று எழுதியதை இந்த விதியோடு சேர்த்து வாசியுங்கள். மறுக்கலாம், மௌனமாக மறுக்க முடியாது. அலுவலகங்களில் ‘பார்க்கிறோம், சொல்லுகிறோம்’ என்ற பதிலோடு திரும்பிவந்த எந்தப் பெற்றோருக்கும் இதன் பெறுமதி தெரியும்.

ஆண்டறிக்கையும் இப்படித்தான். ஊரின் தேவை என்ன, சேவை எப்படி நடந்தது என்பதை ஆளும் சபைக்கு எழுதிக் கொடுப்பது சட்டக் கடமை. எத்தனை கூட்டம் நடந்தது, யார் யாருக்கு நன்றி என்று எழுதிப் பக்கத்தை நிரப்பிவிடவும் முடியும். அப்படிப்பட்ட அறிக்கை ஒருவருக்கும் உதவாது. ‘இத்தனை பேர் இத்தனை கிழமை காத்திருந்தார்கள், காரணம் இது, நாம் கேட்பது இது’ என்று எழுதப்படுகின்ற அறிக்கைக்குத்தான் அடுத்த ஆண்டிலும் பதில் தேட முடியும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. கதிரைகள் காலியாகக் கிடப்பது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. போதிய அங்கத்தவர் வராவிட்டால் கோரம் இல்லை, கூட்டமும் இல்லை. நோயிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஒருவர் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட திட்டத்தை வாசித்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு வருவது இலேசான காரியமா? அதைவிடப் பெரிய தடை, சொந்தப் பெயரோடு பொதுவில் உட்கார்ந்து ‘நான் சிகிச்சை பெற்றவள்’ என்று சொல்வது. நம் ஊர்களில் ஒருவரை இளக்காரம் செய்ய ‘அங்கொடைக்கு அனுப்ப வேண்டும்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அங்கே இருப்பது ஒரு வைத்தியசாலை என்பதை அந்தச் சிரிப்பில் மறந்துவிடுகிறோம். கலிபோர்னியாவிலும் அந்த வெட்கம் ஒழிந்துவிடவில்லை. சட்டம் செய்திருப்பதெல்லாம், மறைத்து வைத்த அனுபவத்தை ஒரு பதவிக்கான தகைமையாக்கியதுதான்.

2024 மார்ச்சில் முதலாம் இலக்கப் பிரேரணை மயிரிழையில் நிறைவேறியது. போதைப்பொருள் பாவனைக்கான சிகிச்சையும் இந்தச் சபைகளின் பார்வைக்குள் வந்தது. நோயாளர், குடும்பத்தினருக்கான கதிரைகளில் ஒன்றாவது 25 வயதோ அதற்குக் குறைவோ ஆனவருக்கு என்ற விதியும் சேர்ந்தது. பணத்தைப் பங்கிடும் முறையும் மாறுகிறது. 2026 ஜூலை முதல் கவுண்டிக்குக் கிடைக்கும் பங்கில் 30 வீதம் வீடமைப்புக்கு, 35 வீதம் கடுமையான நோயுள்ளவர்களுக்கான முழுமையான பராமரிப்புக்கு, மீதி 35 வீதம் ஏனைய சேவைகளுக்கு. வீடில்லாதவருக்கு இது நல்ல செய்தி. ஆனால் வீட்டுக்குப் போகும் பணம் வேறெங்கோ குறையத்தான் வேண்டும். முன்பு 19 வீதம் நோய் வருமுன் காப்பதற்கும் ஆரம்பத்திலேயே கண்டறிவதற்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தில் நடந்த சிறிய திட்டங்களில் எது நிற்கும், எது மூடப்படும் என்பதே மூன்று நிமிடம் பேச வருகிறவர்கள் இப்போது அந்தச் சபைகளிடம் கொண்டுவரும் கேள்வி.