46 ஆட்டங்களும் ஒரு கோலும்

2014 மே 24, சனிக்கிழமை இரவு. கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாமாக் கடையில் நானும் என் தாய்மாமாவும் தே தாரேக்கோடு உட்கார்ந்திருந்தோம். பெரிய திரையில் லண்டன் வெம்பிளி அரங்கம். இங்கிலாந்துக் காற்பந்தின் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் இருந்து பிரீமியர் லீக்கிற்கு ஏற, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்சும் டர்பி கவுண்டியும் மோதின.

மாமாவுக்கு ரேஞ்சர்ஸ் மீது ஒரு பாசம். கோலாலம்பூரில் பிறந்த ஏர் ஆசியா டோனி பெர்னாண்டஸ் 2011 ஆகஸ்டில் அக்குழுவின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியிருந்தார். "நம்ம ஊர்க்காரன் குழுடா" என்பார்.

எனக்கு வேறு காரணம் இருந்தது. அந்த மார்ச்சில் வந்த எஸ்.பி.எம். முடிவு எனக்கு மெட்ரிகுலேஷன் இடத்தைப் பெற்றுத் தரவில்லை. நண்பர்கள் பெட்டி கட்டிக் கிளம்பினார்கள். நான் ஆறாம் படிவத்தில் சேர்ந்தேன். "ஏன், வேற இடம் கிடைக்கலையா?" என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் என்னையும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிட்டதாகவே தோன்றும். ரேஞ்சர்சும் 2013இல் பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கிய குழுதான்.

சாம்பியன்ஷிப்பில் 24 குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் 46 ஆட்டங்கள். முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவை நேரடியாக மேலே போகும். அந்தப் பருவத்தில் லெஸ்டர் சிட்டி 102 புள்ளிகளோடும் பர்ன்லி 93 புள்ளிகளோடும் அப்படிப் போயின. மூன்று முதல் ஆறு வரையிலான இடங்களைப் பிடித்தவை மீதமிருந்த ஒரே இடத்திற்கு மோதின. டர்பி 85 புள்ளிகளோடு மூன்றாவது. ரேஞ்சர்ஸ் 80 புள்ளிகளோடு நான்காவது.

அன்று ஆட்டம் டர்பியின் கையில்தான் இருந்தது. 60ஆவது நிமிடத்தில் ரேஞ்சர்சின் கேரி ஓ'நீல் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு தட்டுத் தடுமாறிய குழுவுக்கு, 90ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரர் பாபி சமோரா கோல் போட்டார். நான் நாற்காலியில் இருந்து துள்ளி எழுந்தேன். மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏறிட்டானுங்க. ஆனா நிக்கணுமே!"

அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் ஏறவில்லை. கடைசி நிமிடத்திலும் எல்லாம் மாறும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். எஸ்.டி.பி.எம். தேர்வு மூன்று தவணையாக நடக்கும். ஒவ்வொரு தவணையின் மதிப்பெண்ணும் இறுதி முடிவில் சேரும். நானோ முதல் தவணைக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் புத்தகத்தைத் திறந்தேன். என் 90ஆவது நிமிடம் வரவே இல்லை. முடிவுத் தாளை அம்மாவிடம் காட்டாமல் இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன்.

2015 மே 10 அன்று மென்செஸ்டர் சிட்டியிடம் 6-0 என்று தோற்று ரேஞ்சர்ஸ் மறுபடியும் கீழே இறங்கியது. 38 ஆட்டங்களில் மொத்தம் 30 புள்ளிகள். மீண்டும் கடைசி இடம். மாமாவின் வார்த்தை அப்போதுதான் உறைத்தது.

கணக்கு அதோடு முடியவில்லை. 2013-14 பருவத்தில் சாம்பியன்ஷிப் குழுக்கள் 8 மில்லியன் பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது என்பது விதி. ரேஞ்சர்ஸ் அந்த வரம்பை மீறியது. நீண்ட வழக்குக்குப் பிறகு 2018 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது: 17 மில்லியன் பவுண்டு அபராதம், 3 மில்லியன் பவுண்டு வழக்குச் செலவு, உரிமையாளர்கள் கொடுத்திருந்த ஏறத்தாழ 22 மில்லியன் பவுண்டு கடனைப் பங்குகளாக மாற்றும் நிபந்தனை, 2019 ஜனவரியில் புதிய வீரர்களைச் சேர்க்கத் தடை. அந்தக் கோலைக் கொண்டாடி நான்கு ஆண்டுகள் கழித்து வந்த விலைச்சீட்டு இது.

அதே 2015இல் பர்ன்லியும் இறங்கியது. ஆனால், அக்குழு பயிற்றுநர் ஷான் டைச்சை மாற்றவில்லை. அடுத்த ஆண்டே சாம்பியன்ஷிப்பின் வெற்றியாளராக மேலே திரும்பியது. ரேஞ்சர்ஸோ அடுத்த பத்துப் பருவங்களும் இரண்டாம் பிரிவிலேயே ஆடியது. இரண்டும் ஒரே ஆண்டில் விழுந்த குழுக்கள்தான்.

இரண்டாம் தவணையில் இருந்து சனிக்கிழமைதோறும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்சில் டியூஷன் வகுப்புக்குப் போனேன். ஞாயிறு காலையில் அந்த வாரப் பாடத்தை எழுதிப் பார்ப்பேன். பெரிய திட்டம் ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்ற கணக்குதான். சறுக்கிய முதல் தவணைத் தாள்களில் இரண்டை மறுபடியும் எழுதினேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது துள்ளிக் குதிக்கவில்லை. முதல் பருவத்தில் என்னென்ன பாடம் என்று தேடிப் பார்த்தேன்.

தம்பி தங்கைகளே, ஆறாம் படிவத்தில் சேர்ந்துவிட்டு முகம் வாடியிருப்பவர் உங்களில் யாராவது இருந்தால், ஒன்று சொல்வேன். அது தோற்றவர்களை ஒதுக்கி வைக்கும் இடமில்லை. அங்கிருந்தும் மேலே போக வாசல் உண்டு. ஆனால், கடைசி நிமிட கோலை நம்பி அதில் நுழையாதீர்கள். இந்த வாரப் பாடத்தை இந்த வாரமே முடித்துவிடுங்கள். மாமாக் கடைக்குப் போய்ச் சனிக்கிழமை ஆட்டம் பார்க்க, அதற்குப் பிறகும் நேரம் இருக்கும்.